குழந்தைகள் இல்லாத, அமைதியான கப்பல் பயணம்: உள்ளே உண்மையில் எப்படி இருக்கும்?

வைகறை:

எல்லோருக்கும் வணக்கம். கணவரும் நானும் முதல் முறையாகக் கடலில் கப்பல் பயணம் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கு இரைச்சல் ஆகாது, கொஞ்ச நேரம் ஸ்பீக்கர் அலறினாலே ஒற்றைத் தலைவலி வந்து அன்றைய நாளே போய்விடும். அதனால் நீச்சல் குளத்தைச் சுற்றி ஆட்டம் பாட்டம், சறுக்குமரம், அறிவிப்பு மேல் அறிவிப்பு என்று ஓடுகிற பெரிய கப்பல்கள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் ஏற்றிக்கொள்கிற, கொஞ்சம் உயர்தரமான கப்பல்கள் இருக்கின்றன என்று தெரியும். விளம்பரத்தில் எல்லாமே அமைதியாகத்தான் தெரிகிறது. நேரில் எப்படி?

ராத்திரி எத்தனை மணி வரை சத்தம் இருக்கும், எனக்குப் பஸ்ஸிலேயே குமட்டும் என்பதால் கடலில் தாங்குமா, சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கோட் சூட் கட்டாயமா, எல்லாம் சேர்த்த விலை என்று சொல்லிவிட்டு ஏறினபின் எதற்கெல்லாம் தனியாகப் பணம் கேட்பார்கள், இவைதான் முக்கியமாகத் தெரிய வேண்டும். இருவரும் ஐம்பதுகளில் இருக்கிறோம், நடப்பதில் சிரமம் இல்லை, குடிப்பழக்கம் இல்லை. போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நெய்தல்:

வணக்கம் சகோதரி. குழந்தைகள் கிடையாது என்பது வேறு, அமைதி என்பது வேறு, இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள். விர்ஜின் வாயேஜஸ் கப்பல்கள் முழுக்கப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், ஆனால் சுமார் 2,700 பேர் ஏறுகிற, டிஜே, நடனம், பச்சை குத்தும் கடை என்று நள்ளிரவு தாண்டியும் கலகலப்பாக இருக்கிற கப்பல்கள். அதை விரும்புகிறவர்களுக்கு அருமையான இடம், உங்கள் கணவருக்கு ஆகாது.

நீங்கள் நினைக்கிற வகைக்கு நெருக்கமானது வைக்கிங். நதிப் பயணங்களில் தொடங்கிய நிறுவனம், 2015-ல் வைக்கிங் ஸ்டார் மூலம் கடலுக்கு வந்தது. ஒரு கப்பலில் 930 பேர், புதியவற்றில் 998 பேர். சூதாட்டக் கூடம் கிடையாது, படம் எடுத்து விற்கிறவர்கள் பின்னால் வரமாட்டார்கள், ஓவிய ஏலம் கிடையாது, எல்லா அறைக்கும் பால்கனி உண்டு. பிரிட்டனிலிருந்து கிளம்புவதாக இருந்தால் சாகா என்ற நிறுவனம் இருக்கிறது, அது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, அங்கேயும் ஒரு கப்பலுக்கு ஆயிரம் பேருக்குள்தான். பி அண்ட் ஓ நிறுவனத்தில் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்கள் பெரியவர்களுக்கு மட்டும். அதே நிறுவனத்தின் மற்ற கப்பல்களில் குழந்தைகள் உண்டு என்பதால் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து அல்ல, கப்பலின் பெயரைப் பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும்.

ராத்திரிச் சத்தம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வைக்கிங் மாதிரிக் கப்பலில் சாப்பாடு முடிந்ததும் அரங்கத்தில் ஒரு நிகழ்ச்சி, ஒரு லவுஞ்சில் பியானோ, இன்னொன்றில் சின்ன இசைக்குழு, அவ்வளவுதான். பதினோரு மணிக்கு நடைபாதையில் போனால் எதிரே ஆள் வருவதே அபூர்வம். பகலில் கேப்டன் ஒருமுறை மைக்கில் வந்து கப்பல் எங்கே இருக்கிறது, காற்று எப்படி, கடலின் ஆழம் எவ்வளவு என்று சொல்வார். எனக்கு அது மிகவும் பிடிக்கும், காலுக்குக் கீழே மூவாயிரம் மீட்டர் தண்ணீர் என்று கேட்கும்போது உடம்பில் ஒரு சிலிர்ப்பு வரும்.

ஆனால் அமைதியான கப்பலிலும் அறை தவறாக அமைந்தால் தூக்கம் போய்விடும். இதைத்தான் ஏஜெண்டுகள் சொல்வதில்லை. கப்பலின் மாடி வரைபடத்தைத் திறந்து, நீங்கள் பார்க்கிற அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலே பஃபே இருந்தால் விடியற்காலை நாற்காலி இழுக்கிற சத்தமும் தள்ளுவண்டிச் சத்தமும் தலைக்கு மேலேயே கேட்கும். நீச்சல் குளம் இருந்தாலும் அதே கதைதான், சாய்வு நாற்காலிகளை அடுக்கிக் கழுவுவது ராத்திரியிலும் அதிகாலையிலும்தான் நடக்கும். கீழே அரங்கம் இருந்தால் ஒத்திகை கேட்கும். கப்பலின் முன்பக்கம் தாழ்வான மாடியில் அறை எடுத்தால், காலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் கட்டும்போது பக்கவாட்டு உந்திகள் ஓடுகிற அதிர்வில் கட்டிலே நடுங்கும், நங்கூரம் போடுகிற இடமாக இருந்தால் சங்கிலி இறங்குகிற சத்தத்தைச் சொல்லவே வேண்டாம். பின்பக்கம் தாழ்வாக எடுத்தால் புரொப்பெல்லர் அதிர்வு. மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள், கப்பலின் நடுப்பகுதி, லிஃப்டிலிருந்து சற்றுத் தள்ளி, இதுதான் பாதுகாப்பான தேர்வு. இன்னொன்று, இரண்டு அறைகளுக்கு நடுவே இணைப்புக் கதவு உள்ள அறையைத் தவிர்த்துவிடுங்கள், அந்தக் கதவு வழியாகப் பக்கத்து அறைக்காரர் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கும். விலை குறைவு, அறை எண்ணை நாங்கள் பிறகு ஒதுக்குவோம் என்கிற சலுகையையும் எடுக்காதீர்கள், உங்கள் வீட்டுக்காரருக்கு அறைதான் எல்லாமே.

அலமாரியில் இருக்கிற மர ஹேங்கர்கள் கப்பல் லேசாக ஆடினாலும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு எங்கிருந்து இந்த டக் டக் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். படுக்கப் போகும் முன் நடுவே ஒரு துண்டைச் செருகிவிட்டால் சரியாகிவிடும்.

அலைவரிசை:

குமட்டல் பற்றி நான் சொல்கிறேன், எனக்கும் அந்தத் தொல்லை உண்டு. பஸ்ஸில் குமட்டுகிறவர்கள் எல்லோருக்கும் கப்பலில் குமட்டும் என்று இல்லை, பஸ்ஸின் குலுக்கலும் வளைவும் வேறு, கப்பலின் மெதுவான ஆட்டம் வேறு. இன்றைய கப்பல்களில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நீளும் ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன, பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகக் குறைத்துவிடும். முன்பின்னாக ஏறி இறங்குகிற ஆட்டத்தை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. அந்த ஆட்டம் நடுப்பகுதியில், தாழ்வான மாடியில்தான் குறைவு. நெய்தல் சொன்ன நடு அறை இதற்கும் பொருந்தும்.

மாத்திரையை உடம்பு படுத்தத் தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பெரிய பயன் இல்லை. மெக்லிசின் நிறையப் பேருக்கு ஒத்துப்போகும், தூக்கம் வரும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கோபோலமைன் பட்டை மருத்துவர் சீட்டோடுதான், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதைத் தாங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. உங்கள் கணவர் தலைவலிக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால் எதுவாக இருந்தாலும் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கடல் ஆடும்போது அறைக்குள் படுத்துக் கைபேசி பார்ப்பதுதான் மோசம். வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள், வயிற்றைக் காலியாக விடாதீர்கள்.

மாத்திரையைவிடப் பாதை முக்கியம். முதல் பயணத்துக்குக் கோடையில் மத்தியதரைக் கடலோ, மலைகளுக்கு நடுவே உள்ளே நீளுகிற குறுகலான கடல் பகுதிகளான நார்வேயின் ஃபியோர்டுகளோ எடுங்கள். ஃபியோர்டுக்குள் இரு பக்கமும் மலை நின்று காற்றை மறைத்துவிடுவதால் தண்ணீர் பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும், கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாது. பிஸ்கே வளைகுடா, குளிர்கால வட அட்லாண்டிக், அண்டார்டிகா போகிற வழியில் வருகிற டிரேக் நீரிணை, இதெல்லாம் கடல் கொந்தளிக்கிற இடங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 2019 மார்ச்சில் வைக்கிங் ஸ்கை நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் புயலில் மாட்டி எஞ்சின்கள் நின்றுவிட்டன. மொத்தம் 1,373 பேர் இருந்தார்கள், நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரை சேர்த்தார்கள், மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. எஞ்சின் எண்ணெய்த் தொட்டிகளில் அளவு குறைவாக இருந்ததும், கப்பல் ஆட்டத்தில் அது பம்புக்குப் போகாததும் காரணம் என்று விசாரணையில் வந்தது. பாறைக் கரைக்கு மிக அருகே வரை போய்விட்ட கப்பல் அது. அதனால் ஏறின அன்று நடக்கிற பாதுகாப்புப் பயிற்சியைத் தயவுசெய்து கடமைக்குச் செய்யாதீர்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி, இதுதான் அபாய அறிவிப்பு. உங்கள் கூடுமிடம் எது, அறையிலிருந்து லிஃப்ட் இல்லாமல் எந்தப் படிக்கட்டு வழியாகப் போக வேண்டும் என்று ஒருமுறை இருவரும் நடந்தே பார்த்துவிடுங்கள். 2012-ல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பின உடனேயோ இந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது.

வைகறை:

இருவருக்கும் ரொம்ப நன்றி. இணைப்புக் கதவு, மேல் மாடி இதெல்லாம் நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை, இப்போதுதான் வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு கேள்வி. நாள் முழுக்கக் கடலிலேயே இருக்கிற நாட்களில் பொழுது போகுமா? அப்புறம் கணவர் தெரியாதவர்களோடு சட்டென்று பேசுகிற ஆள் இல்லை, சாப்பாட்டு மேசையில் யாரோடாவது சேர்த்து உட்கார வைத்துவிடுவார்களா?

பனிமலர்:

அக்கா, கடல் நாட்களுக்காகவே இந்த மாதிரிக் கப்பலில் போகிறவள் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பயண அட்டவணையைப் பாருங்கள். பத்து நாளில் ஒன்பது ஊர் என்று இருந்தால் அது அமைதியான பயணமே இல்லை. தினமும் ஆறரைக்கு எழுந்து, ஏழரைக்குச் சாப்பிட்டு, எட்டரைக்கு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு பஸ் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வைக்கிங்கில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும், பெரும்பாலும் பஸ் நிறைய ஆட்கள், காதில் ஹெட்செட், முன்னால் பலகை பிடித்தபடி வழிகாட்டி. தலைவலிக்காரருக்கு அது ஒத்துவருமா என்று யோசியுங்கள். நாங்கள் பல ஊர்களில் அதை விட்டுவிட்டுக் கப்பல் இறங்கும் இடத்திலிருந்து நடந்தே சுற்றிவிட்டு வருவோம், கூட்டமெல்லாம் வெளியே போயிருக்கிற அந்த மதிய நேரத்தில் கப்பலுக்குத் திரும்பினால் மொத்தக் கப்பலும் உங்களுடையது. ஒன்று மட்டும் கவனம், தனியாக இறங்கிப் போனால் ஏற வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும், கப்பல் காத்திருக்காது. கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள், கைபேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிக் குழப்பும்.

மூன்று நான்கு ஊருக்கு ஒரு கடல் நாளாவது வருகிற பாதையாகப் பாருங்கள். அன்று என்ன செய்வது என்று கேட்டீர்கள். காலையில் சுற்றுத் தளத்தில் நடை, கப்பலை முழுவதுமாகச் சுற்றி வரலாம், முன்முனையில் திரும்பும்போது காற்று ஆளையே தள்ளும். பிறகு வரலாற்று ஆசிரியரோ வானியல் தெரிந்தவரோ கொடுக்கிற சொற்பொழிவு. போகப் போகிற ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போனால் அங்கே கல்லும் சுவரும் வேறு மாதிரித் தெரியும், நான் அதைத் தவற விடுவதே இல்லை. வைக்கிங்கில் புத்தகங்கள் ஒரே நூலக அறையில் பூட்டியிருக்காது, கப்பல் முழுக்க உட்காருகிற இடங்களிலெல்லாம் அலமாரி அலமாரியாக இருக்கும். லண்டனின் ஹேவுட் ஹில் புத்தகக் கடைக்காரர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை, போகிற இடங்களின் வரலாறு, கடலோடிகள், ஓவியம் என்று நல்ல தேர்வு. முன்பக்கம் இரண்டு மாடி உயரக் கண்ணாடியோடு ஒரு லவுஞ்ச் இருக்கிறது, கப்பல் எங்கே போகிறதோ அதை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம். கடல் நாளில் அங்கே ஜன்னலோர நாற்காலி வேண்டுமென்றால் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், பிறகு எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய கண்ணாடியும் புத்தகமும்தான் உட்கார்ந்திருக்கும். இது எனக்குப் பிடிக்காத விஷயம், ஊழியர்களும் ஒன்றும் சொல்வதில்லை.

ஸ்பாவைத் தவற விடாதீர்கள். மசாஜுக்குத்தான் பணம், வெந்நீர்க் குளம், நீராவி அறை, சூடான கல் படுக்கை எல்லாம் வைக்கிங்கில் எல்லோருக்கும் இலவசம். நிறையக் கப்பல்களில் இதற்குத் தனிக் கட்டணம் என்பதைக் கணக்குப் போடும்போது நினைவில் வையுங்கள். ஒரு சின்ன அறையில் நிஜமாகவே பனி கொட்டி வைத்திருப்பார்கள், வெந்நீரிலிருந்து எழுந்து நேரே அதற்குள் போய் ஒரு கைப்பிடி அள்ளித் தோளில் தேய்த்துக்கொண்டு மறுபடி வெந்நீர். துறைமுக நாளில் காலை பத்து மணிக்குப் போனால் பெரும்பாலும் காலியாக இருக்கும், தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

சாப்பாட்டு மேசைக் கவலை வேண்டாம். வைக்கிங்கில் நேரமும் மேசையும் நிர்ணயித்துத் தருவது கிடையாது, நினைத்த நேரத்துக்குப் போய் இரண்டு பேருக்கு என்றால் இரண்டு பேருக்கு மட்டும்தான். ஆனால் அந்த இருவர் மேசைகள் ஒன்றுக்கொன்று மிகவும் பக்கத்தில் இருக்கும், பக்கத்து மேசைக்காரர் பேசினால் பேச வேண்டியதுதான். ஏழரைக்கு உணவகம் இரைச்சலாகிவிடும், ஆறு மணிக்கே போனால் கணவருக்கு நிம்மதி. ஒவ்வாமை, உணவுக் கட்டுப்பாடு எதுவாக இருந்தாலும் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் மேலாளரைப் பார்த்தும் சொல்லிவிடுங்கள். முன்பதிவு தேவைப்படுகிற சிறப்பு உணவகங்களுக்குக் கூடுதல் பணம் கிடையாது, ஆனால் விலை உயர்ந்த அறைக்காரர்களுக்கு முன்பதிவு முன்னாலேயே திறந்துவிடும், உங்கள் தேதி வரும்போது நல்ல நேரங்கள் போயிருக்கலாம். கவலைப்படாமல் கப்பலில் ஏறினதும் போய்க் கேளுங்கள், ரத்தான இடங்கள் கிடைக்கும்.

உடை: காலர் வைத்த சட்டை, சாதாரணப் பேன்ட் போதும், உங்களுக்குப் புடவையோ எதுவோ விருப்பம்போல். சாயங்காலம் உணவகங்களில் ஜீன்ஸ் மட்டும் வேண்டாம் என்பார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் சில இரவுகளுக்கு நன்றாக உடுத்திக்கொண்டு வருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது, அங்கே போவதாக இருந்தால் ஒரு கோட் எடுத்து வையுங்கள்.

கூட வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். ஐம்பதுகளில் இருக்கிற நீங்கள் அங்கே இளையவர்கள். நல்ல மனிதர்கள், நிறைய ஊர் பார்த்தவர்கள், தனியாக உட்கார்ந்திருப்பவரை யாரும் வந்து தொந்தரவு செய்வதும் இல்லை.

கரையோரம்:

ஒரு மாற்றுக் கருத்து. இந்த வகைக் கப்பல்களின் விலை பெரிது, குழந்தைகள் இல்லை என்பதற்காக மட்டும் அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று பாருங்கள். பள்ளிகள் திறந்திருக்கிற மாதங்களில், இரண்டு வாரத்துக்கு மேல் போகிற எந்தப் பயணத்திலும் குழந்தைகளைப் பார்ப்பதே அரிது. செலிப்ரிட்டி நிறுவனத்தின் கப்பல்களில் கண்ணாடிக் கூரையோடு சோலாரியம் என்று ஒரு குளம் இருக்கிறது, பதினாறு வயதுக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். பிரின்சஸ் நிறுவனத்தின் கப்பல்கள் பலவற்றில் சாங்க்சுவரி என்று பெரியவர்களுக்கான தளம் உண்டு, கட்டணம் கட்டி நாற்காலி எடுத்துக்கொள்ளலாம். மிச்சமாகிற பணத்தில் நல்ல அறையே எடுக்கலாம். எனக்கு இது போதுமானதாக இருக்கிறது.

நெய்தல்:

கரையோரம் சொல்வது நியாயம்தான், பணம் ஒரு பொருட்டாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அங்கே அமைதி ஒரு மூலையில் இருக்கிறது, அதைத் தேடிப் போய் உட்கார வேண்டும், அந்த மூலையை விட்டு வெளியே வந்தால் சூதாட்டக் கூடத்தின் மணிச்சத்தமும் குளத்துப் பாட்டும் காத்திருக்கும். ஒற்றைத் தலைவலிக்காரருக்குச் சாப்பாட்டுக்குப் போகிற வழியும் அமைதியாக இருக்க வேண்டும். அதனால் இவர்கள் விஷயத்தில் என் வாக்கு முழுக்கப் பெரியவர்களுக்கான கப்பலுக்குத்தான், வேண்டுமானால் நாட்களைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கூடுதல் செலவு பற்றிக் கேட்டிருந்தார், அதை யாரும் முழுதாகச் சொல்லவில்லை. வைக்கிங்கில் வைஃபை, மதியமும் இரவும் சாப்பாட்டோடு பீர் ஒயின், காபி டீ, நாமே துணி துவைத்துக்கொள்கிற இடம் எல்லாம் கட்டணத்தில் அடக்கம். குடிக்காதவர்கள் என்பதால் மதுப் பேக்கேஜ் தேவையே இல்லை, விற்கப் பார்த்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஊழியர்களுக்கான டிப்ஸ் ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் தானாகக் கணக்கில் ஏறும், சாகாவில் அது கட்டணத்திலேயே சேர்ந்தது. இலவசச் சுற்றுலா தவிர மற்றவை, மசாஜ், இவற்றுக்குத் தனி. பெரிய செலவு ஒன்றே ஒன்றுதான் வரக்கூடும், அது மருத்துவம். கப்பல் மருத்துவரைப் பார்த்தால் தனியாகப் பில் வரும், நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் தொகை எங்கேயோ போய் நிற்கும். அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகிற செலவும் சேர்ந்த காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள், ஒற்றைத் தலைவலியை ஏற்கெனவே உள்ள நோய் என்று அதில் மறைக்காமல் எழுதுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பஃபே வாசலில் இருக்கிற சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். கப்பலில் பரவி வாந்தி பேதி தருகிற நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது.

வைகறை:

கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார், பனி அறையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நார்வே ஃபியோர்டுகள், கோடை, நடுப்பகுதி அறை என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. பிரிட்டனிலும் ஒருநாள் நிற்கிறது என்று போட்டிருக்கிறது, நாங்கள் அங்கே இறங்காமல் இருந்துவிட்டால் விசா வேண்டாம் அல்லவா?

அலைவரிசை:

அப்படி நினைத்துவிடாதீர்கள். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் பாதையில் வருகிற ஒவ்வொரு நாட்டுக்கும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஒன்று குறைந்தாலும் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் நார்வே இருக்கிறது, பிரிட்டன் இல்லை. ஷெங்கனிலிருந்து பிரிட்டன் போய் மறுபடி ஷெங்கன் துறைமுகத்துக்குத் திரும்புகிற பாதையாக இருந்தால் அது இரண்டாவது நுழைவு, ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கிற விசா செல்லாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவுக்குக் கேளுங்கள், கப்பல் அட்டவணையை அதோடு இணையுங்கள். பயணம் முடிகிற தேதியிலிருந்து பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சில பாதைகளில் ஏறினதும் வரவேற்பில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அது வழக்கம்தான், கரையில் இறங்கும்போது நகல் ஒன்றும் கப்பல் அட்டையும் கையில் இருந்தால் போதும்.